சக்கர் மீன் கண்ணாடிய விட்டுட்டு கீழயே கெடக்குது, என்ன மருந்து ஊத்தணும்?

கேள்வி: வணக்கம் சார், தர்மபுரியில இருந்து எழுதுறேன். வீட்ல ரெண்டடி தொட்டி, மூணு கோல்டு ஃபிஷ், கூட கண்ணாடில ஒட்டிக்கிட்டு பாசி திங்கற ஒரு சக்கர் மீன். அது தொட்டிய சுத்தமா வச்சிக்கும், தனியா சாப்பாடு போட வேணாம்னு கடைல சொன்னாங்க. போன வாரம் தொட்டிய மொத்தமா காலி பண்ணி, ஃபில்டரையும் குழாயில அலசி, ஒகேனக்கல் தண்ணிய புடிச்சு ஊத்துனோம். ரெண்டு நாள்ல சக்கர் கீழயே கெடக்குது, அடிக்கடி மேல வந்து வாயத் தெறந்துட்டு போகுது, வால்ல செவப்பு கோடு கோடா தெரியுது. என் பொண்ணு ஸ்கூலுக்கு கூட போக மாட்டேங்கறா சார்.

பதில்: மருந்த இப்ப தொடாதீங்கம்மா, முதல்ல தண்ணிய பாருங்க. நீங்க சொல்றத வச்சு பாத்தா வியாதிய விட தண்ணிதான் காரணமா இருக்கும்னு தோணுது, ஏன்னா குழாய்ல வர்ற ஒகேனக்கல் தண்ணில குளோரின் இருக்கும், அது மீனோட செவுள அரிக்கும், ஃபில்டர் பஞ்சுல மீன் கழிவ தின்னுட்டு இருந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்னுடும். அதுக்கப்புறம் மீன் கழிவுல இருந்து வர்ற அம்மோனியாங்கற விஷம் தண்ணில ஏறும். சக்கர் எப்பவாவது மேல வந்து காத்து குடிக்கறது அதோட இயல்பு, ஆனா அடிக்கடி வந்தா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். செவப்பு கோடும் இதனால வரலாம்.

தினமும் கால்வாசி தண்ணி மட்டும் மாத்துங்க. பக்கெட்ல புடிச்ச தண்ணில ஆன்டி குளோரின் சொட்டு, பாட்டில்ல போட்டிருக்கற அளவுக்கு விட்டுட்டு, தொட்டி தண்ணி அளவு சூடு இருக்கான்னு பாத்து மெதுவா ஊத்துங்க. ஏர் பம்ப் ராத்திரியும் ஓடணும். குளோரினுக்கு பயந்து போர் தண்ணிக்கு மாறிடாதீங்க, நம்ம பக்கம் போர் தண்ணி உப்பா, காரத்தன்மையா இருக்கறது ஜாஸ்தி, அதுல அம்மோனியா இன்னும் விஷமாகும். தண்ணிய சோதிக்கற டெஸ்ட் கிட் கெடைச்சா அம்மோனியா, அதுல இருந்து உண்டாகற நைட்ரைட் ரெண்டும் ஜீரோ வரணும். இனிமே ஃபில்டர் பஞ்ச தொட்டியில இருந்து எடுத்த தண்ணிலயே அலசுங்க.

அடுத்து வயிறு. கண்ணாடில ஒட்டும்போது அடிப்பக்கம் பாருங்க, தட்டையாவோ லேசா உப்பியோ இருந்தா சரி, குழி விழுந்திருந்தா பட்டினி, கண்ணும் உள்ள போயிருந்தா ரொம்ப நாள் பட்டினி. எனக்கு மனசு கஷ்டமா இருக்கறது இங்கதான், 'தனியா சாப்பாடு வேணாம்'ங்கற ஒரு வார்த்தையால எத்தனை சக்கர் சத்தமில்லாம பசியிலயே சாகுது. பாசி சீக்கிரமே தீந்துடும், கோல்டு ஃபிஷ் கழிவ அது தின்னாது, பசிச்சா கோல்டு ஃபிஷ் உடம்புல ஒட்டி அந்த வழவழப்ப உறிஞ்சும். வெள்ளரி, சுரைக்கா, பீர்க்கங்கா எதாவது ஒரு துண்டு, கொதிக்கற தண்ணில ரெண்டு நிமிஷம் போட்டு ஆறவச்சு, ஸ்பூன்ல கட்டி லைட் அணைச்ச பிறகு போடுங்க, அது ராத்திரிலதான் மேயும். மிச்சத்த காலையில கண்டிப்பா எடுத்துடுங்க. ஒளிஞ்சுக்க ஒரு மரக்கட்டையோ உடைஞ்ச சட்டியோ வைங்க.

உப்பு தூவுன மாதிரி வெள்ளைப் புள்ளி வந்தா மட்டும் மருந்து. அப்பவும் தாமிரம் கலந்தது வேண்டாம், சக்கருக்கு ஆகாது, மத்த மருந்தும் பாதி அளவுதான். செவப்பு கோடு ஒரு வாரத்துல கொறையலன்னா பாக்டீரியா புண்ணா இருக்கலாம், தனித் தொட்டிக்கு மாத்திட்டு மீன் தெரிஞ்ச கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க. பொண்ணுகிட்ட ராத்திரி வெள்ளரி போடுற வேலைய குடுங்க.

கேள்வி: கிருஷ்ணகிரியில இருந்து. எங்க சக்கர் ஒரு அடி ஆகிடுச்சு, தொட்டி பத்தல, கேஆர்பி டேம்ல விட்டுடலாமா?

பதில்: வேணாம் தம்பி, தயவு செஞ்சு விடாதீங்க. இது தென் அமெரிக்கா ஆத்து மீன், நம்ம தண்ணிலயும் தாராளமா பெருகும், கரைய குடைஞ்சு பொந்து போடும், முள்ளும் தடிச்ச தோலும் இருக்கறதால மத்த மீன் முழுங்க முடியாது, வலைய கிழிச்சு மீன்காரங்க பொழப்ப கெடுக்கும். டேம்ல இருந்து தென்பெண்ணை ஆத்துக்கு போய்ட்டா யாராலும் திரும்ப பொறுக்க முடியாது. பெரிய தொட்டி வச்சிருக்கறவங்ககிட்டயோ வாங்குன கடைலயோ குடுத்துடுங்க, அடுத்த தடவ மீசை முளைக்கற சின்ன ரகம், பிரிஸ்டில்நோஸ் கேட்டு வாங்குங்க, அது அஞ்சு இன்ச் பக்கம் வந்ததும் நின்னுடும்.