பதில்: பப்மெட்டில் கைதேர்ந்த நூலகர்கள் ஜீன் தரவுத்தளத்தில் திணறுவது ஏன்?

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட்டில் கைதேர்ந்த நூலகர்கள், ஒவ்வொரு ஜீனுக்கும் ஒரு பதிவு வைத்திருக்கும் ஜீன் தரவுத்தளத்தில் திணறுகிறார்கள்; அவர்களுக்கான ஒரு நாள் பயிற்சியில் உயிரியல் பாடத்தை முதலில் வைக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். காலை முழுக்க டிஎன்ஏ, ஆர்என்ஏ என்று போனால் மதியம் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். நானே அப்படி ஒரு வகுப்பை நடத்திக் கெடுத்தவன்.

பெயர்ச் சிக்கலில் தொடங்குங்கள். அது அவர்களுக்குக் கைவந்த கலை. மெஷ் தலைப்புகளோடு (பப்மெட் கட்டுரைகளை வகைப்படுத்தும் நிலையான பொருள் தலைப்புகள்) தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள்தானே! மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய ஒரு ஜீனை மருத்துவர் 'ஹெர்2' என்று கேட்பார்; ஜீன் தரவுத்தளத்தில் அதிகாரப்பூர்வக் குறியீடு இஆர்பிபி2. அங்கே மனித ஜீனின் பதிவு எண் 2064. எலிக்கு வேறு எண். இதை அவர்களையே தேடிக் கண்டுபிடிக்க விடுங்கள். அப்புறம் கேட்டலேஸ் என்ற நொதிக்கான ஜீனின் குறியீடான 'சிஏடி'யை (CAT) பப்மெட்டில் வெறுமனே தட்டச் சொல்லுங்கள். பூனைகள் வந்து நிற்கும்! தேடல் விவரத்தைத் திறந்தால், பப்மெட் அதைப் பூனை என்ற மெஷ் தலைப்போடு சேர்த்துவிட்டது தெரியும். அந்த ஒரு சிரிப்பு பத்து ஸ்லைடுக்குச் சமம்.

அடுத்து, அதே ஹெர்2 பதிவிலிருந்து இணைப்பு வழியாகவே அதன் வரிசைப் பதிவுகளுக்கு நடக்க வையுங்கள். ரெஃப்செக் (தரமான மாதிரி வரிசைகளின் தொகுப்பு) எண் 'என்எம்' என்று தொடங்கினால் எம்ஆர்என்ஏ, அதாவது புரோட்டீன் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ; 'என்பி' என்றால் புரோட்டீன். தேவையான உயிரியலை அங்கங்கே இரண்டு வரியில் சொன்னால் போதும்.

வரிசைகளை ஒப்பிடும் கருவியான பிளாஸ்ட் கடைசியில். அங்கே சொல்லைத் தேடுவதில்லை, டிஎன்ஏ அல்லது புரோட்டீனின் எழுத்து வரிசையை ஒப்பிடுகிறோம் என்பது பிடிபட்டால் சரி. முடிந்தால் ஓர் ஆய்வாளரை அவருடைய நிஜக் கேள்வியோடு வரச் சொல்லுங்கள்.