அக்ரின் சேர்த்தும் ஏற்பிகள் கொத்தாகவில்லை: என்ன கோளாறு?

கேள்வி: சி2சி12 என்ற சுண்டெலித் தசைச் செல்களில் அக்ரின் என்ற புரதத்தைச் சேர்த்து 16 மணி நேரம் வைத்தேன். நரம்பின் சமிக்ஞையைப் பெறும் அசிட்டைல்கோலின் ஏற்பிகள் திரளவேயில்லை, எங்கும் மங்கலான சிவப்புதான். அக்ரின் கெட்டுவிட்டதா? புதிதாக வாங்கட்டுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். அக்ரினுக்கு முன் தசைக்குழாய்களைச் சந்தேகப்படுங்கள். நரம்பு முனை விடும் அக்ரின், தசைச் செல்லின் மேலுள்ள எல்ஆர்பி4 என்ற புரதத்தின் வழியாக மஸ்க் என்ற நொதியைத் தூண்டும். அதன் பிறகு ராப்சின் என்ற புரதம் ஏற்பிகளை ஓரிடத்தில் பிடித்துவைக்கும். செல்கள் ஒன்றோடொன்று இணைந்து நீண்ட குழாயான பிறகுதான் இவையெல்லாம் போதிய அளவில் இருக்கும். தனித்தனிச் செல்களே கிடக்கும் தட்டில் எவ்வளவு ஊற்றினாலும் வீண்.

வளர்க்கும்போது தட்டில் 70 சதவீதம் நிரம்புமுன் புதிய தட்டுகளுக்குப் பிரித்துவிடுங்கள். சோதனைத் தட்டை மட்டும் முழுக்க நிரம்பவிட்டு, 2 சதவீதக் குதிரை சீரம் கலந்த வளர்ப்பு ஊடகத்துக்கு மாற்றி, ஐந்து நாள் விடுங்கள். பக்கத்து ஆய்வகத்தில் இரவல் வாங்கிய, எத்தனையாவது பாஸேஜ் (எத்தனை முறை பிரித்து வளர்த்தது) என்றே தெரியாத செல்கள் சரியாக இணையாது.

இனி அக்ரின். எட்டு அமினோ அமிலத் துண்டு கூடுதலாக உள்ள நரம்பு வகைதான் வேலை செய்யும். தசை வகையில் அது கிடையாது, விளைவும் ஏறக்குறைய பூஜ்யம். "அக்ரின்னா எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று டீலர் சொன்னால் நம்பாதீர்கள். கேட்டலாக் எண், லாட் சான்று, பெட்டி வரும்போது ஐஸ் மிச்சமிருந்ததா, மூன்றையும் பாருங்கள். குறைந்த கொட்டேஷனுக்கே ஆர்டர் என்ற விதி, உயிருள்ள செல்லுக்கான பொருளையும் நாற்காலி மேசையையும் ஒரே தராசில் வைக்கிறது. ஆறு மாத ஆய்வு இப்படித்தான் பாழாகிறது.

மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் போதும். இவ்வளவு நீர்த்த புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அதனால் 0.1 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு சீரப் புரதம்) கலந்து, சிறு பங்குகளாக உறையவையுங்கள். உருக்கியதை மறுபடி உறையவைக்காதீர்கள்.

இந்த ஏற்பிகளில் ஒட்டிக்கொள்ளும் பாம்பு நஞ்சான, சாயம் ஏற்றிய ஆல்ஃபா பங்கரோடாக்சினை, செல்கள் உயிரோடு இருக்கும்போதே ஒரு மணி நேரம் கொடுத்து, கழுவி, பிறகு 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்துங்கள். முன்னதாகவே செல் சவ்வைத் துளைக்கும் டிடர்ஜென்ட் போட்டால் செல்லுக்குள் இருக்கும் ஏற்பிகளும் ஒளிரும். உங்கள் மங்கல் சிவப்புக்கு அதுவும் காரணமாகலாம்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அக்ரின் இல்லாமலும் சில கொத்துகள் தாமாக உருவாகும். நன்கு முதிர்ந்த குழாய்களில் இன்னும் அதிகம். ஆகவே ஒரு கொத்தைக் கண்டதும் அக்ரின் வேலை செய்தது என்று எழுதிவிடாதீர்கள். அதே நாள், அதே செல், அக்ரின் இல்லாத தட்டு ஒன்று அவசியம். இரண்டிலும் 5 மைக்ரானுக்கு மேற்பட்ட கொத்துகளை மட்டும், எந்தத் தட்டு எது என்று தெரியாத ஒருவரைக் கொண்டு எண்ணுங்கள்.