ரிசீவரா, ரன்னிங் பேக்கா: அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் அணிக்கு யாரால் லாபம் அதிகம்?

எறியும் பந்தைப் பிடிப்பவர் ரிசீவர், பந்தைக் கையில் வாங்கி ஓடுபவர் ரன்னிங் பேக். என் பதில் ரிசீவர்தான். கணக்கு எளிது: அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் பந்தைக் கையில் வாங்கி ஓடினால் ஒரு முறைக்குச் சராசரியாக 4 யார்டு சொச்சம், எறிந்தால் சுமார் 7. ஓடுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முன்னால் நிற்கும் சொந்த அணியின் ஐந்து தடுப்பாட்டக்காரர்கள் எதிரணியைத் தள்ளி வழி திறந்துவிட வேண்டும். ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லியையே பாருங்கள், 2018-ல் ஜயன்ட்ஸ் அணிக்காக 1,307 யார்டு ஓடினார், அணி ஜெயித்தது 16-க்கு 5 ஆட்டம். 2024-ல் ஈகிள்ஸுக்குப் போனார், அருமையான தடுப்பு வரிசை, 2,005 யார்டு, சூப்பர் பவுல் (லீக்கின் இறுதிப் போட்டி) கோப்பை. ஆள் அதே ஆள்தான்!

நல்ல ரிசீவர் பந்தைத் தொடாமலேயே உதவுவார், அவரை மறிக்க இரண்டு பேர் போய்விடுவதால் மற்றவர்களுக்கு இடம் கிடைக்கும். அப்படி மறித்தும் அடங்காதவர் கூப்பர் கப். 2022 பிப்ரவரி சூப்பர் பவுலில் அவருடைய ராம்ஸ் அணி 16-20 என்று பின்தங்கியிருந்தது, பந்தைத் தக்கவைக்க நான்காவது, கடைசி முயற்சியில் ஒரு யார்டு தேவை. பந்தை அவர் கையில்தான் கொடுத்தார்கள், ஓடியே 7 யார்டு எடுத்தார். அப்புறம் பாஸ் மேல் பாஸாகப் பிடித்து, 1 நிமிடம் 25 வினாடி மீதமிருக்கையில் டச்டவுனும் (எல்லைக் கோட்டுக்குள் பந்தைச் சேர்த்து எடுக்கும் புள்ளி) அவரே.

சரி, எறிகிற குவார்ட்டர்பேக் சுமாரானவர் என்றால்? அப்போது மட்டும் ரன்னிங் பேக்கை எடுப்பேன்.