பேர் கிடைக்கும் என்கிறார்கள், காசு?

கேள்வி: அலுவலக வேலைக்கு நடுவே இரண்டு வருடமாக உணவுப் படங்கள் எடுக்கிறேன். மூன்று உணவகங்களுக்கு எடுத்துக் கொடுத்தேன். மூன்று பேருமே "உங்களுக்கும் பேர் கிடைக்கும்ல?" என்று சொல்லிக் காசு தரவில்லை. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கினால் மதிப்பு வருமா? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா?

பதில்: கேமராவை இப்போதைக்கு வாங்காதீர்கள். தட்டு ஓடப்போவதில்லை, பறக்கப்போவதில்லை. ட்ரைபாடில் வைத்து நிதானமாக எடுக்கிற வேலைக்கு இருக்கிற கேமராவே தாராளம். செலவு செய்தே தீருவேன் என்றால் உறுதியான ட்ரைபாடும் நெருக்கத்தில் எடுக்க உதவும் ஒரு 100 மி.மீ. மேக்ரோ லென்ஸும் வாங்குங்கள். வெளிச்சத்துக்குப் பக்கவாட்டில் ஒரு ஜன்னல், நிழலைக் குறைக்க எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. மஞ்சள் பல்பை அணைத்துவிடுங்கள். அதுவும் பகல் வெளிச்சமும் ஒரே தட்டில் கலந்தால் எடிட்டிங்கில் சரிசெய்வதற்குள் விடிந்துவிடும்.

காசு கொடுப்பவர் பார்ப்பது வேறு. ஒரே நாளில் 30 படம் எடுத்தால் முப்பதாவதும் முதலாவது மாதிரி இருக்குமா? சூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மேசைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் மேலே ஆடை படிந்துவிடும், தூவிய தழை துவண்டு மூழ்கிவிடும். அதனால் அதே கிண்ணத்தைக் காலியாக வைத்தே கோணம், வெளிச்சம், ஃபோகஸ் எல்லாம் முடித்துக்கொண்டு, அப்புறம்தான் சமையலறைக்குக் குரல் கொடுக்க வேண்டும். தழை கடைசியாக, இடுக்கியால். ஆவி தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் பின்னாலிருந்து வரட்டும், பின்னணி இருட்டாக இருக்கட்டும். வாடிக்கையாளரிடம் காட்டும் மாதிரித் தொகுப்பில் (போர்ட்ஃபோலியோ) 15, 20 படம் போதும். அதில் ஒரு முழு மெனுவையும் ஒரே பாணியில் எடுத்த தொகுப்பு ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

சரி, காசு. நீங்கள் விலையே சொல்லவில்லை போலிருக்கிறது, அவர்களும் கேட்கவில்லை. எனக்கும் ஆரம்பத்தில் ஒரு அடி விழுந்தது. மெனு கார்டுக்கு என்று வாய்வார்த்தையாகப் பேசி ஒரு நிறுவனத்துக்கு 12 படம் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து அதில் ஒன்று சாலையோர ஹோர்டிங்கில், வீடு உயரத்துக்கு நிற்கிறது! கேட்டால், "நீங்கதானே கொடுத்தீங்க?" எழுத்தில் ஒன்றுமில்லை, வாயை மூடிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்காமல் கேமராப் பையைத் திறப்பதில்லை. எத்தனை படம், எங்கெங்கே பயன்படுத்தலாம், எவ்வளவு காலத்துக்கு, எத்தனை முறை திருத்தித் தருவேன், பாதிப் பணம் அட்வான்ஸ், கடைசி நேரத்தில் ரத்து செய்தால் எவ்வளவு. மெனு கார்டுக்கு ஒரு விலை, ஹோர்டிங்குக்கு வேறு விலை. விலை போடும்போது ஷூட் நாளை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள்; பாத்திரமும் துணியும் தேடி அலைந்த நாள், எடிட்டிங்குக்கு உட்கார்ந்த நாட்கள், உதவியாளர் கூலி எல்லாம் சேரும்.

வேலையை இப்போதே விட வேண்டாம். தானாகவே இரண்டாவது முறை கூப்பிடும் வாடிக்கையாளர்கள் மூன்று நான்கு பேராவது சேரட்டும், ஆறு மாதச் செலவுக்குப் பணம் தனியாக இருக்கட்டும். பில் கொடுத்து இரண்டு மாதம் கழித்துக் காசு வருவதெல்லாம் இந்தத் தொழிலில் சகஜம்.

அந்த மூன்று உணவகங்களுக்கும் இந்த வாரமே மின்னஞ்சல் போடுங்கள்: அடுத்த மெனுவுக்குப் படம் வேண்டுமா, என் விலை இவ்வளவு என்று. இரண்டு பேர் பதில் போட மாட்டார்கள். மூன்றாமவர் பேரம் பேசுவார். விலையைக் குறைப்பதாக இருந்தால் படங்களின் எண்ணிக்கையையும் குறைத்துவிடுங்கள்.