அவனுக்கு என்ன ஆசை என்று கேட்டீர்களா?

கேள்வி: வங்கி வேலையில் ஓய்வு பெற்று, காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் இருக்கிறேன். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பையனுக்கு வழிகாட்டியாக இருக்க ஒத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் பேசி வந்தேன். அவன் வீட்டில் யாரும் காலேஜ் போனதில்லை. இன்ஜினீயரிங் படி என்று நான் சொன்னால், கரண்ட் வேலை கற்றுக்கொண்டு மாமாவோடு சிங்கப்பூர் போகிறேன் என்கிறான். இரண்டு வாரமாக வரவும் இல்லை. விலகிவிடலாமா?

பதில்: விலகாதீர்கள் ஐயா. ஆனால் அட்வைஸை நிறுத்துங்கள். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு அட்வைஸ் வீட்டில் கிடைக்கும், வகுப்பில் கிடைக்கும், பஸ் ஸ்டாப்பில்கூடக் கிடைக்கும். கூட உட்கார்ந்து ஒரு காரியத்தை முடித்துத் தர ஆள்தான் கிடைப்பதில்லை. உங்கள் ஊர்ப்பக்கம் இது தெரியாததா? பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போன செட்டியார்களின் கடைகளில் பெட்டியடிப் பையனாக, எடுபிடி வேலைக்குச் சேர்ந்தவன், பெரியவர் பக்கத்திலேயே இருந்து கணக்கு எழுதுவதைப் பார்த்துப் பார்த்துத்தானே கடையை நடத்துபவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் அடுத்தாள் ஆனான்.

அப்புறம், கரண்ட் வேலை என்றதும் ஏன் பதறுகிறீர்கள்? ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிப்பு 2 வருஷம். அதை முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் நேரடி இரண்டாம் ஆண்டு. ஐடிஐ, அழகப்பா பாலிடெக்னிக், அழகப்பா செட்டியார் இன்ஜினீயரிங் காலேஜ் எல்லாமே காரைக்குடிப் பக்கம் இருக்கின்றன. அவன் ஆசையும் உங்கள் ஆசையும் ஒரே ரோட்டில்தான் போகின்றன, எந்த ஸ்டாப்பில் இறங்குவது என்பதை அவன் முடிவு செய்யட்டும்.

நீங்கள் வங்கிக்காரர் என்பதுதான் அவனுக்குப் பெரிய உதவி. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பையன் மேலே படித்தால், ஐடிஐ ஆனாலும் காலேஜ் ஆனாலும், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவன் கணக்குக்கே வரும். அதற்குக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். பல பிள்ளைகளுக்கு ஆதாரில் இன்ஷியல் முன்னால் இருக்கும், மார்க் ஷீட்டில் பின்னால் இருக்கும், அப்பா பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கும். அட்மிஷன் நேரத்தில்தான் அது தெரிந்து அலைவார்கள். இப்போதே அவனோடு உட்கார்ந்து எல்லாத் தாளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். பி.இ. கவுன்சிலிங் என்று வந்தால் கட்டணச் சலுகைக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டும், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது கூடப் போங்கள். நீங்கள் கேட்காத கதையெல்லாம் அந்த வரிசையில் நிற்கும்போது அவனே சொல்வான்.

இரண்டு வாரம் வராததற்குக் கோபப்பட வேண்டாம். முகூர்த்த நாளில் கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாறப் போயிருக்கலாம், அந்தக் கூலி வீட்டுக்குத் தேவைப்படலாம். வகுப்பாசிரியரிடம் விசாரித்து, அவனுக்குத் தோதான கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். சந்திப்பது பள்ளியில், தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிந்துதான். உங்கள் வீட்டில் தனியாக வேண்டாம். கையில் பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அவன் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவது நின்றுவிடும். யாராவது அவனை அடிக்கிறார்கள், தொந்தரவு செய்கிறார்கள் என்று சொன்னால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிடாமல் உடனே தலைமையாசிரியரிடம் பேசுங்கள், தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.

அடுத்த முறை அவன் வந்தால், மாமா சிங்கப்பூரில் என்ன வேலை பார்க்கிறார் என்பதிலிருந்து பேச்சை ஆரம்பியுங்கள்.