மஸ்கட் திராட்சையும் அதன் ஒயின்களும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

வணக்கம். இத்தாலியின் பியெமோன்தே பகுதியில், கனெல்லி ஊருக்குப் பக்கத்தில், ஓர் ஒயின் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சுற்றியுள்ள குன்றுகள் முழுக்க மொஸ்காத்தோ பியான்கோ, அதாவது வெள்ளை மஸ்கட். போன வாரம் ஒருவர் "மஸ்கட் ஒயின் எல்லாம் சர்க்கரைத் தண்ணீர்தான்" என்று எழுதியிருந்தார். மனசு கேட்கவில்லை, நீளமாக மறுத்து எழுதினேன். அதிலிருந்து வந்த கேள்விகளுக்கெல்லாம் இங்கே பதில் சொல்கிறேன்.

வைகைக்கரை: மஸ்கட் என்றால் ஓமன் நாட்டுத் தலைநகரத்திலிருந்து வந்த பழமா அக்கா?

இல்லை. அப்படி ஒரு கதை உலவுகிறது, ஆனால் பெயர் ஒத்துப்போவதைத் தவிர வேறு ஆதாரம் யாரும் காட்டியதில்லை. கஸ்தூரிக்கு ஐரோப்பிய மொழிகளில் மஸ்க் என்று பெயர், அந்த வாசத்தை வைத்துத்தான் பழத்துக்கும் பெயர் வந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி, தேனீக்கள் விரும்பி மொய்க்கும் திராட்சை என்று ஒரு வகையைக் குறிப்பிடுகிறார், அது மஸ்கட்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அறுவடை நேரத்தில் இங்கே வந்து பார்த்தால் நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள், குளவியும் தேனீயும் நம்மை முந்திக்கொள்ளும்.

இன்னொன்று, பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். மஸ்கதே (Muscadet), மஸ்கதெல் (Muscadelle), மஸ்கடைன் (Muscadine) என்று பெயர் ஒத்திருக்கும் மூன்றுக்கும் மஸ்கட்டோடு உறவு கிடையாது.

கம்பத்துக்காரன்: எங்கள் ஊர்ப் பன்னீர் திராட்சையைத்தான் மஸ்கட் என்கிறார்களா? நீங்கள் சொல்வதும் அதுவும் ஒன்றா?

ஒன்று இல்லை, ஆனால் ஒரே குடும்பம். மஸ்கட் என்பது ஒரு பழத்தின் பெயர் இல்லை, பெரிய வம்சத்தின் பெயர். அதில் மூத்தது எங்கள் வெள்ளை மஸ்கட். பிரெஞ்சில் இதை 'சின்ன மணி' மஸ்கட் என்றே அழைக்கிறார்கள், பழம் அவ்வளவு சிறியது. இது மத்தியதரைக் கடல் பக்கத்துப் பழைய ரகம் ஒன்றோடு கலந்து பிறந்தது அலெக்சாந்திரியா மஸ்கட். அந்த அலெக்சாந்திரியா, ஸ்கியாவா குரோசா என்ற கறுப்பு ரகத்தோடு கலந்து பிறந்ததுதான் ஹாம்பர்க் மஸ்கட். தேனி மாவட்டத்தில் பந்தலில் தொங்குவது அந்த ஹாம்பர்க் மஸ்கட். மரபணுச் சோதனையில் உறுதியான உறவு இது. ஆக உங்கள் பன்னீர், நான் தினமும் சோதிக்கிற பழத்தின் பேத்தி.

2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்தபோது, கூட வேலை செய்கிற இத்தாலியர்களிடம் இதைச் சொன்னேன். 'பன்னீர்' என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். ரோஜாவிலிருந்து எடுக்கிற வாசனைத் தண்ணீர் என்றேன். சீனாவில் இதே ஹாம்பர்க் மஸ்கட்டுக்கு 'மெய்குயி சியாங்' என்று பெயர், அதற்கும் ரோஜா மணம் என்றுதான் பொருள். ஒருவரை ஒருவர் கேட்காமலே இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த மூக்குகளை நம்பலாம்.

லேப் கோட்: ரோஜா வாசம் எப்படித் திராட்சைக்குள் வருகிறது? எசென்ஸ் சேர்க்கிறார்களா?

எதுவும் சேர்ப்பதில்லை, எல்லாம் பழத்திலேயே இருக்கிறது. டெர்பீன் என்ற வாசனைப் பொருள்கள்தான் காரணம், முக்கியமாக லினலூல், ஜெரானியோல், நெரோல். ஜெரானியோல் ரோஜாவிலும் உண்டு. லினலூல் நம் வீட்டு மல்லி விதை எண்ணெயில் மிக அதிகமாக இருப்பது. தனியாவைக் கையில் நசுக்கி மோந்து பாருங்கள், அந்தக் காரமும் மசாலாவும் தாண்டி ஒரு பூ வாசம் எழும், மஸ்கட்டில் பாதி அதுதான். சாதாரண ஒயின் திராட்சையில் இந்த டெர்பீன்கள் லிட்டருக்கு 1 மில்லிகிராம்கூட இருக்காது, மஸ்கட்டில் 6 மில்லிகிராம் வரை போகும். பழம் டெர்பீன் செய்யும் பாதையின் முதல் படியில் ஒரு நொதி இருக்கிறது, அதற்கான மரபணுவில் ஏற்பட்ட ஒரே ஓர் எழுத்து மாற்றம்தான் இவ்வளவையும் செய்கிறது.

இந்தப் பொருள்களில் பெரும்பகுதி சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு, வாசமே இல்லாமல் பழத்தில் கிடக்கும். நொதிகளோ அமிலமோ அந்தப் பிணைப்பை அறுக்கும்போதுதான் மணம் வெளியே வரும். வாசத்தில் நிறைய தோலை ஒட்டித்தான் இருக்கிறது, தோலைத் துப்பிவிட்டுச் சாப்பிடுகிறவர்கள் நல்ல பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம், பெரும்பாலான ஒயின்களில் மூலப்பழத்தின் வாசமே இருக்காது. ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் திராட்சையைக் கடித்தால் சும்மா இனிப்பாக இருக்கும், அதன் ஒயினில் வரும் மணத்தில் பெரும்பகுதி பிற்பாடு ஈஸ்ட்டும் பீப்பாயும் தருவது. பழத்தின் வாசம் மாறாமல் அப்படியே கோப்பைக்கு வருகிற ரகம் என்றால் அது மஸ்கட்தான். அதனால்தான் இதை 'கற்றுக்குட்டிகளின் ஒயின்' என்று தள்ளிவைப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

திருச்சி ரவி: மொஸ்காத்தோ தாஸ்தி செய்முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள் மேடம். இனிப்பு எப்படி நிற்கிறது?

தெரியாதவர்களுக்கு, மொஸ்காத்தோ தாஸ்தி என்பது இங்கே ஆஸ்தி ஊர்ப் பக்கம் வெள்ளை மஸ்கட்டில் செய்யும் மெல்லிய நுரையுள்ள இனிப்பு ஒயின். இதுதான் என் அன்றாட வேலை, அதனால் கொஞ்சம் நீளும். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிச் செப்டம்பரில் கையால் பறிப்போம். நல்ல சரிவுகள் டிராக்டர் ஏற முடியாத செங்குத்து, வெயில் நன்றாக விழும் அந்த மேடுகளுக்கு இங்கே 'சோரீ' என்று பெயர். பழத்தை மெல்லப் பிழிந்து, சாற்றை உடனே கிட்டத்தட்ட 0 டிகிரிக்குக் குளிர வைத்துவிடுவோம். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சாறு தொட்டியில் தூங்கும், மாதக்கணக்கில். விற்பனைக்குத் தேவைப்படும்போது ஒரு தொட்டியை மட்டும் சூடேற்றி ஈஸ்ட் போடுவோம். அதனால் ஏப்ரலில் வாங்கும் பாட்டிலும் அப்போதுதான் நொதித்ததாக இருக்கும்.

மூடிய அழுத்தத் தொட்டிக்குள் நொதிக்கும்போது வருகிற வாயு வெளியே போக முடியாமல் சாற்றிலேயே கரையும், நுரை அப்படி வருகிறது. பழத்தில் லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரை இருந்தது என்று வையுங்கள். ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால் உண்டாகும். 5 சதவீதத்தைத் தொட்டதும் மறுபடி சட்டென்று குளிரவைத்து, ஈஸ்ட் ஒன்றுகூட மிஞ்சாதபடி நுண்ணிய வடிகட்டியில் வடித்துவிடுவோம். மிச்சம் 115 கிராம் சர்க்கரை பழத்தினுடையதாகவே நிற்கும். யாரும் கரண்டியால் அள்ளிப் போடுவதில்லை, 'சர்க்கரைத் தண்ணீர்' என்ற நண்பர் இதைக் கவனிக்கவேண்டும்.

வடிகட்டி சரியில்லாமல் நாலு ஈஸ்ட் உயிரோடு தப்பினால் பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து மூடி தெறிக்கும், அந்தக் காலத்தில் அப்படித்தான் நடந்தது. மூடிய தொட்டியில் நுரை பிடிக்கும் முறையை 1895இல் பியெமோன்தேக்காரர் ஃபெதெரிகோ மார்த்தினோத்தி உருவாக்கினார். பிறகு 1907இல் பிரெஞ்சுக்காரர் யூஜின் ஷார்மா அதை மேம்படுத்தினார், உலகம் இன்று ஷார்மா முறை என்கிறது. இங்கே அப்படிச் சொன்னால் பெரியவர்கள் திருத்துவார்கள்.

அனு: ஆஸ்தி, மொஸ்காத்தோ தாஸ்தி இரண்டும் வேறா?

பழம், பகுதி இரண்டும் ஒன்றுதான். ஆஸ்தி என்ற நுரை ஒயினில் அழுத்தம் அதிகம், ஆல்கஹால் 7 சதவீதம் பக்கம், ஷாம்பெயின் போலக் கம்பி கட்டிய காளான் மூடி. மொஸ்காத்தோ தாஸ்தி மெல்லிய நுரை, 5 சதவீதம், பெரும்பாலும் சாதாரணத் தக்கை. இரண்டுக்கும் இத்தாலியின் மிக உயர்ந்த தரச்சான்று 1993இல் கிடைத்தது. எனக்குப் பிடித்தது இரண்டாவது, அதில் பழம் இன்னும் கிட்டத்தில் நிற்கிறது.

பாஸ்கரன், டொரொன்டோ: இனிப்பே ஆகாது எனக்கு. இனிப்பு இல்லாத மஸ்கட் உண்டா?

தாராளமாக உண்டு. பிரான்சின் அல்சாஸில் மஸ்கட்டை முழுக்க நொதிக்கவிட்டு உலர் ஒயினாகச் செய்வது பழைய வழக்கம், அங்கே 'கிராண்ட் க்ரூ' எனப்படும் மிக உயர்ந்த தரத் தோட்டங்களில் இடம்பெறும் நான்கு உயர்ந்த ரகங்களில் இதுவும் ஒன்று. ஆஸ்திரியாவின் ஸ்டைரியாவில் 'கெல்பர் முஸ்கதெல்லர்' என்று கேளுங்கள், அதுவும் எங்கள் சின்ன மணிதான். 2017இலிருந்து ஆஸ்தியிலேயே இனிப்புக் குறைந்த 'செக்கோ' வகை வருகிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், உலர் மஸ்கட்டை மோந்தால் மூளை இனிப்பை எதிர்பார்க்கும், வாயில் வைத்தால் இருக்காது, கடைசியில் லேசாகக் கசக்கும். முதல் வாயில் பலருக்கு முகம் சுளிக்கும். வாசம் வேறு, இனிப்பு வேறு என்று நாக்குக்குப் புரிய இரண்டு மூன்று தடவை ஆகும். அதுவரை விட்டுவிடாதீர்கள்.

மீனாட்சி: வெளிநாட்டிலிருந்து அண்ணன் கொண்டுவந்த மொஸ்காத்தோவை ஒரு விசேஷத்துக்காக எடுத்துவைத்திருக்கிறோம். நாலு வருஷம் ஆகிறது. நாள் ஆக ஆக நன்றாகுமா?

ஐயோ, இன்றைக்கே திறங்கள். நானும் இதே தப்பைச் செய்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பாவுக்கென்று ஒரு பாட்டில் சென்னைக்குக் கொண்டுபோனேன். அம்மா அதைப் பட்டுப்புடவை பீரோவில் பத்திரப்படுத்திவிட்டார்கள். மூன்று கோடை கழித்து அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தன்று திறந்தோம். பூ வாசம் மொத்தமும் போய், வேகவைத்த ஆப்பிள்போல ஒரு மணம், நிறம் தேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் குடித்தார், எனக்குத்தான் தொண்டை அடைத்தது. லினலூல் அமிலத்தில் நாளாக நாளாக வேறு பொருளாக மாறிவிடும், சூடு அந்த மாற்றத்தை வேகப்படுத்தும். மொஸ்காத்தோ தாஸ்தியை ஒரு வருடத்துக்குள் குடித்துவிடவேண்டும்.

வயதாக வயதாக நன்றாகும் மஸ்கட் ஒயின்கள் உண்டு, ஆனால் அவற்றைச் செய்யும் முறையே வேறு. ஆஸ்திரேலியாவின் ரதர்கிளெனில் பழுப்புத் தோல் மஸ்கட்டைக் கொடியிலேயே வற்றவிட்டு, பாதி நொதிக்கும்போது சாராயம் சேர்த்து நிறுத்தி, தகரக் கூரைக்குக் கீழே பழைய பீப்பாய்களில் வருடக்கணக்கில் போட்டுவைக்கிறார்கள். நாலு தரம் உண்டு, கடைசித் தரமான 'ரேர்' சராசரியாக 20 வருடத்துக்கு மேற்பட்டது. கருப்பட்டிப் பாகு, உலர்திராட்சை, காப்பி எல்லாம் சேர்ந்த ருசி. ஒரு மடக்கு குடித்துவிட்டு அரை மணி நேரம் பேசாமல் இருக்கலாம்.

போர்ச்சுகலின் செதூபலில் சாராயம் சேர்த்த பிறகும் தோலை எடுக்காமல் அடுத்த வசந்தம் வரை ஊறப்போடுவார்கள், ஆரஞ்சுத் தோல் வாசம் தூக்கலாக இருக்கும். கிரேக்கத்தில் சாமோஸ் தீவு, பிரான்சில் போம் தெ வெனீஸ், ரிவ்சால்ட் எல்லாம் இந்தச் சாராயம் சேர்க்கும் குடும்பம்தான். இத்தாலியின் பந்தெல்லேரியா தீவிலோ அலெக்சாந்திரியா மஸ்கட்டை வெயிலில் காயவைத்துச் செய்கிறார்கள். அங்கே அதற்குப் பெயர் 'சிபிப்போ', உலர்திராட்சைக்கான அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்டன்ஷியாவை விடமுடியாது. செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்குக் கப்பலில் போன ஒயின் அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொடிநோய்கள் வந்து அழிந்தே போய், பிறகு 1986 அறுவடையிலிருந்து மீட்டெடுத்தார்கள்.

சுகர் பேஷன்ட்: எனக்குச் சர்க்கரை வியாதி. ஆல்கஹால் குறைவு என்பதால் குடிக்கலாமா?

கணக்கை மட்டும் சொல்கிறேன், முடிவை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். 150 மில்லி மொஸ்காத்தோ தாஸ்தியில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை, நாலு தேக்கரண்டிக்கு மேல். ஆல்கஹால் குறைவு என்பதற்காக இதை லேசான பானமாக எண்ணவேண்டாம்.

செட்டிநாட்டு மருமகள்: நம் சாப்பாட்டோடு ஒத்துப்போகுமா? குலாப் ஜாமூனோடு?

குலாப் ஜாமூனோடு வேண்டாம். பலகாரம் ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் புளித்த தண்ணீராகிவிடும். இங்கே ஹேசல்நட் கேக்கோடும், கிறிஸ்துமஸுக்குப் பனெத்தோனே என்ற உலர்பழ ரொட்டியோடும் குடிப்பார்கள், இரண்டும் மிதமான இனிப்புதான். நம் ஊரில் என்றால் நன்றாகப் பழுத்த மாம்பழத் துண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது மிளகுக்கோழி. ஆல்கஹால் அதிகமுள்ள சிவப்பு ஒயின் காரத்தை ஏற்றிவிடும், இது ஆல்கஹால் குறைவு, இனிப்பு வேறு காரத்தை அணைக்கும். இங்கே வீட்டுக்கு வந்த இத்தாலிய நண்பர்களுக்கு அப்படிப் பரிமாறினேன், கோழி தீர்ந்ததும் குழம்பை ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டார்கள். 6லிருந்து 8 டிகிரி குளிர்ச்சி போதும், ஐஸ் போடாதீர்கள்.

கம்பத்துக்காரன்: மறுபடி நான்தான். பன்னீரில் வீட்டிலேயே ஒயின் போடலாமா?

உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் சட்டவிரோதம், ஆகவே செய்முறை சொல்லமாட்டேன். ஆனால் ஆலை அளவில் யோசித்தால், பன்னீரை அடர்ந்த சிவப்பு ஒயினாக்கப் பார்ப்பது வீண். நிறமும் துவர்ப்பும் கம்மி, வெப்பத்தில் புளிப்பும் இறங்கிவிடும். கொஞ்சம் முன்னாலேயே பறித்து, தோலோடு சில மணி நேரம் மட்டும் வைத்து, குளிரவைத்து, இளஞ்சிவப்பு நுரை ஒயினாகச் செய்தால் நன்றாக வரும் என்று உறுதியாக நம்புகிறேன். கலிபோர்னியாவில் இதே பழத்தில் சாராயம் சேர்த்த இனிப்பு ஒயின் செய்கிறார்கள், அதிலும் ரோஜா அப்படியே நிற்கிறது.

சிங்கை வாசி: சூப்பர்மார்க்கெட்டில் ஒரே ஒரு பாட்டில் எடுக்கவேண்டும். எதை?

லேபிளில் 'மொஸ்காத்தோ' என்று மட்டும் இருந்தால் எங்கிருந்து வந்த எந்த மஸ்கட்டாகவும் இருக்கலாம், 'தாஸ்தி' சேர்ந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் அறுவடை வருடத்தைப் பாருங்கள், இருப்பதில் புதியதை எடுங்கள். அலமாரியின் மேல் தட்டில் விளக்குக்கு நேர் கீழே நிற்கும் பாட்டில் வேண்டாம். வாங்கிய வாரமே திறந்து, ஊற்றியதும் குடிக்காமல் ஒரு நிமிடம் மோந்துவிட்டு, என்ன வாசம் வந்தது என்று இங்கே வந்து எழுதுங்கள்.