கடகடப்பது ஸ்பீக்கரா, கதவா?

கேள்வி: காரில் புதிதாக 6.5 அங்குல ஸ்பீக்கர் மாட்டினேன். பாஸ் கூடினால் முன்கதவுகள் கடகடக்கின்றன. ஸ்பீக்கரை மாற்ற வேண்டுமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அவசரப்படாதீர்கள். இப்படிச் சத்தம் வந்தால் பெரும்பாலும் கதவுதான் காரணம். கைப்பேசியில் டோன் ஜெனரேட்டர் (ஒற்றைச் சுர ஒலி எழுப்பும்) செயலியைப் போட்டு, கார் ரேடியோவோடு இணைத்து, மிதமான ஒலியில் 40 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றுங்கள். சத்தம் வரும் இடத்தில் நிறுத்தி, கதவின் உட்புற அட்டையை ஆங்காங்கே உள்ளங்கையால் அழுத்துங்கள். எங்கே அடங்குகிறதோ, கோளாறு அங்கே.

அடுத்து அட்டையைக் கழற்றிவிட்டு அதே டோனை ஓட்டுங்கள். சத்தம் நின்றுவிட்டால், அட்டையைப் பிடிக்கும் கிளிப்புகள் பெரும்பாலும் உடைந்திருக்கும். புதிது போடுங்கள், பசை வேண்டாம். நிற்காவிட்டால், ஸ்பீக்கரைக் கதவில் பொருத்தும் வளையத்தைப் பாருங்கள். வளையத்துக்கும் தகரத்துக்கும் நடுவே 3 மி.மீ. ஃபோம் டேப்பைச் சுற்றி ஒட்டி, திருகுகளை எதிரெதிராக முடுக்குங்கள். தகரத்தைத் தட்டும் ஒயர்களையும் பூட்டுக் கம்பிகளையும் துணி டேப்பால் சுற்றுங்கள்.

வெளித்தகரமே அதிர்ந்தால், அதன் உட்புறத்தில் 2 மி.மீ. பியூட்டைல் ஷீட் (அதிர்வை அடக்கும் ஒட்டு ரப்பர்) ஒட்டுங்கள். கால்வாசிப் பரப்பு போதும், முழுக்க மூடுவது காசுக்குக் கேடு. முதலில் தகரத்தை ஆல்கஹாலால் துடைத்து, ஒட்டியபின் ரோலரால் அழுத்துங்கள். தார் ஷீட் நம் ஊர் வெயிலில் இளகி வழியும். கதவடியிலுள்ள நீர்த்துளைகளை அடைத்துவிடாதீர்கள். மழைநீர் தேங்கித் துருப்பிடிக்கும். அட்டைக்குப் பின்னாலுள்ள பிளாஸ்டிக் திரை கிழிந்திருந்தால் அதையும் ஒட்டிவிடுங்கள்.

அட்டையை மூடுமுன் கண்ணாடியை முழுதும் இறக்கிப் பாருங்கள், ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்கக்கூடாது. ரேடியோவில் ஹைபாஸ் ஃபில்டர் (தாழ்ந்த ஒலியை வெட்டும் வசதி) இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்.